தொட்டி வழிந்த காலை

வீட்டில் குடம் விளக்குவது அவர் வேலை. மனைவி சமைப்பாள், துவைப்பாள், சட்டைத் தொழிற்சாலையில் நாள் முழுக்கக் காலர் தைப்பாள். குடத்தை மட்டும் தொடமாட்டாள். "ஊருக்கெல்லாம் தண்ணி விடறவரு நீங்க. நம்ம வீட்டுக் குடத்தையும் நீங்களே பாத்துக்கோங்க" என்று கல்யாணமான புதிதில் ஒருநாள் சொல்லிவிட்டாள். விளையாட்டாகச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா என்று அவர் விசாரிக்கவில்லை. கட்டிய மனைவியிடம் "சரிங்க" என்றார். அன்றிலிருந்து தேய்க்கிறார்.

அந்தச் சாயங்காலமும் பின்வாசல் படியில் உட்கார்ந்து கம்பி நாரால் குடத்தின் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மத்தியானத்திலிருந்து ரேடியோவில் செய்தி இல்லை, பேச்சு இல்லை; வாத்திய இசை மட்டும் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

"பெரியவர் போயிட்டாராம்."

"எங்க?"

"பிளேன் ஏறிட்டாராம். குடும்பத்தோட. இப்பதான் ரேடியோவுல சொன்னான். சொல்லிட்டு மறுபடியும் வாத்தியத்தப் போட்டுட்டான்."

அவர் நாரைக் கீழே வைத்தார். பெரியவர் என்றால் நாட்டையே ஆண்டவர். அவர் வந்தபோது இவருக்கு மீசை முளைக்கவில்லை. இப்போது மீசை நரைத்துவிட்டது. வெகுநேரம் யோசித்துவிட்டு அவர் கேட்டது இதுதான்: "அப்போ காலையில எனக்கு போன் யாரு பண்ணுவாங்க?"

"நாடு எந்தப் பக்கம் சாயப்போகுதோன்னு ஊரே பதறிக்கிட்டு இருக்கு. உங்களுக்கு போன் கவலை" என்றாள் அவள். ஆனால் உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள். அது எவ்வளவு பெரிய கவலை என்று அவளுக்கும் தெரியும்.

ஊர் ஒரு சரிவில் இருந்தது. உச்சியில் தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்கு அடியில் தாழ்ந்த கதவு வைத்த ஒரு சின்ன அறை, அதன் தரையில் மூன்று வால்வுகள். முதலாவது, அதிகாரிகள் குடியிருக்கும் மேல்தெருக்களுக்கு. இரண்டாவது, கடைவீதிக்கு. மூன்றாவது, அவர் வீடும் சேர்ந்த கீழ்த்தெருக்களுக்கு. தினமும் காலையில் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வரும். "திற" என்பார்கள். "சரிங்க" என்பார். சாவி என்று அவர்கள் சொல்லும், தலையில் குறுக்குப் பிடி வைத்த நீண்ட இரும்புக் கம்பியை முதல் வால்வில் மாட்டித் திருப்புவார். மேல்தெருவில் தோட்டமெல்லாம் நனைந்த பிறகு மறுபடியும் போன் வரும்; கடைவீதிக்குத் திறப்பார். மிச்சம் இருந்தால் ஒன்றுவிட்டு ஒருநாள் கீழ்த்தெரு. மிச்சம் இல்லாத நாளில் அதுவும் இல்லை.

போனில் அவர் பேசி யாரும் அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறொன்றைக் கேட்டதில்லை. அதனால் 'சரிங்க' என்பதே அவர் பெயராகிவிட்டது. "சரிங்க வீடு எது?" என்று கேட்டால் தெருவில் சின்னக் குழந்தைகூட வழி காட்டும். அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. சொன்னதைச் செய்கிறவனுக்கு ராத்திரி தூக்கம் வரும் என்பது அவர் கட்சி. கல்யாணமான முதல் வாரத்தில் "லைட்ட அணைக்கட்டுமா?" என்று அவர் கேட்க, "இதுக்குமா உத்தரவு?" என்று அவள் சிரித்த சிரிப்பு பக்கத்து வீடு வரை கேட்டதாம்.

உத்தரவை மீற அவருக்கிருந்த பயத்துக்குக் காரணமும் இருந்தது. அவருக்கு முன்னால் அந்த அறையில் இருந்தவர், கீழ்த்தெருவில் ஒரு வீடு தீப்பிடித்தபோது போனுக்குக் காத்திராமல் மூன்றாவது வால்வைத் திறந்துவிட்டார். தீ அணைந்தது. மறுநாள் ஜீப் வந்தது. விசாரணைக்கு என்று கூட்டிக்கொண்டு போனவர்கள் மழைக்காலம் முடிந்துதான் திருப்பி அனுப்பினார்கள். வேலை போயிற்று. அதற்குப் பிறகு அந்த மனிதர் தெருவில் யாருடனும் பேசவேயில்லை. தண்ணீர் வருகிறதா என்றுகூடக் கேட்டதில்லை.

இருட்டும் நேரத்தில் மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான். மேல்தெருவில் ஒரு பெரிய அதிகாரிக்கு கார் ஓட்டுகிறவன், தெருவில் அவன் பெயரே டிரைவர். அந்தக் காரோடுதான் வந்திருந்தான்.

"எங்க ஐயாவ விமான நிலையத்துல எறக்கிவிட்டேன், மாமா. கார் சாவியப் பத்திரமா வச்சுக்கன்னாரு. எத்தனை நாளைக்குன்னு சொல்லல."

"அதுக்கு இங்கயா கொண்டுவரணும்?" என்றாள் அக்கா.

"வேற எங்கக்கா நிறுத்தறது? அங்கயே விட்டு யாராவது கண்ணாடிய உடைச்சுப்புட்டா?"

சந்தில் பாதியை அடைத்துக்கொண்டு நின்ற அந்தக் கறுப்புக் காரின் மேல் இரண்டு போர்வைகளைப் போட்டு மூடினான். "போர்வ போத்திட்டா அது கார் இல்லன்னு ஆயிடுமாடா?" என்றாள் அக்கா. அதற்குள் தெருப்பிள்ளைகள் போர்வையைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காலையில் அவர் வழக்கமான நேரத்துக்கு முன்பே வால்வு அறைக்குப் போய்விட்டார். ஸ்டூலை போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். போன் அடிக்கவில்லை. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார், உயிர் இருந்தது. அந்த நேரம் பார்த்து அழைப்பு வந்துவிடப்போகிறதே என்று படக்கென்று கீழே வைத்தார். பிறகு துணிந்து அலுவலகத்துக்கு அவரே போன் செய்தார். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆளில்லை.

ஆற்றங்கரையில் பம்பு வீடு இருக்கிறது. அங்கிருந்து தண்ணீரை மேலே ஏற்றுகிற பம்புக்காரர் இவரைவிட மூத்தவர். அவரைக் கூப்பிட்டார்.

"அண்ணே, உங்களுக்கு போன் எதாவது வந்துச்சா?"

"எனக்கு எப்ப தம்பி வந்துச்சு? நான் வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு ஓட்டுன்னாங்க. ஓட்டறேன்."

"தொட்டி நிரம்பப் போகுதுண்ணே."

"அப்பத் திற."

"திறக்கச் சொல்லி யாரும் சொல்லலையே."

"நிறுத்தச் சொல்லி எங்கிட்டயும் யாரும் சொல்லல."

"கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கக் கூடாதா?"

"என்ன, உத்தரவு போடறியா?"

"ஐயோ, இல்லீங்கண்ணே."

"அதானே பார்த்தேன்" என்றார் பம்புக்காரர். இருவரும் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் பம்பு ஓடும் சத்தம் இவருக்குக் கேட்டது.

வெயில் ஏறுவதற்குள் தொட்டி வழிந்தது. வழிகிற தண்ணீருக்கென்று இருந்த குழாய் வழியாகக் கொட்டி, படிகளில் இறங்கி, மேல்தெருவின் மூடிய கேட்டுகளைத் தாண்டி, பூட்டிய கடைகளைத் தாண்டி, கீழ்த்தெரு வரைக்கும் ஓடியது. கீழ்த்தெருக் குழாயில் காற்று, வாசலில் ஆறு. சாக்கடையில் கலப்பதற்குள் மொண்டுவிட வேண்டுமென்று ஆளாளுக்குச் சொம்பும் பேசினுமாக ஓடினார்கள். ஓடினவர்கள், தண்ணீர் வந்த தடத்தைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறி வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் முட்டைக்காரம்மா. தெருவில் பாதிப் பேருக்கு முட்டை கொடுப்பவள், மீதிப் பேருக்குப் பதில் கொடுப்பவள்.

"என்ன சரிங்க, ரோட்டக் குளிப்பாட்டறீங்களா?" என்று வாசலில் நின்றுகொண்டு கேட்டாள். "நாங்க தலைக்குத் தண்ணி ஊத்தி எத்தன நாளாச்சு தெரியுமா? ரோடு எங்களவிடச் சுத்தமா கெடக்கு."

"உத்தரவு வரலம்மா."

"யாரு தரணும்? தரவேண்டியவருதான் ஆகாயத்துல இருக்காரே. அண்ணாந்து பாத்துக் கேளுங்க."

கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். சிரிப்பே தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

டிரைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து அவர் காதருகே குனிந்தான். "மாமா, அவசரப்படாதீங்க. சாயங்காலத்துக்குள்ள திரும்பி வந்துடுவாங்கன்னு ஒரு பேச்சு இருக்கு. வந்தா முதல்ல கேக்கறது, நாங்க இல்லாதப்ப யாரு எதத் தொட்டாங்கறதுதான். முன்னாடி இங்க இருந்தவரு கதி உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அந்த மனிதர் கூட்டத்தின் கடைசியில் கையில் ஒரு வாளியோடு நிற்பதும் கண்ணில் பட்டது. வாளியில் தெருவில் மொண்ட கலங்கல் தண்ணீர் பாதியளவு இருந்தது. அவர் இவரைப் பார்க்கவில்லை. வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் மனைவி வந்தாள். தொழிற்சாலை கேட்டில் பூட்டு. அப்படியே வீட்டுக்குப் போய், நேற்று அவர் தேய்த்து வைத்த இரண்டு குடங்களையும் தூக்கிக்கொண்டு மேலே ஏறி வந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் அவருக்குப் பாதி உயிர் வந்தது. பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"திறக்கட்டுமா?"

அவள் குடங்களைக் கீழே வைத்தாள். "என்ன எதுக்குக் கேக்கறீங்க? நான் காலர் தைக்கிறவ."

"ஒரு வார்த்தை சொல்லேன்."

"மாட்டேன். நான் திறங்கன்னு சொன்னா, பொண்டாட்டி சொன்னா திறந்தேன்னு நாளைக்குச் சொல்லுவீங்க. வேணாம்னு சொன்னா, அவ தடுத்துட்டான்னு ஆயுசுக்கும் சொல்லிக்கிட்டிருப்பீங்க. ரெண்டுக்கும் நான் ஆளில்ல." பிறகு, "ஜீப் வந்தா பின்னாடியே சோறு எடுத்துக்கிட்டு வருவேன். அது என் வேலை. அத நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அவர் உள்ளே போய்ச் சாவியை எடுத்தார். பழக்கதோஷத்தில் அவர் போய் நின்ற இடம் முதல் வால்வு. மாட்டியும்விட்டார். அப்படியே நின்றார். உத்தரவு இல்லாமல் திறந்தால் குற்றம். முதலாவதைத் திறந்தாலும் அதே குற்றம், மூன்றாவதைத் திறந்தாலும் அதே குற்றம். தண்டனையில் ஒரு நாள்கூடக் குறையப்போவதில்லை. முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு? சாவியை உருவி மூன்றாவதில் மாட்டினார்.

அது அசையவில்லை. கால்வாசித் திருப்புக்கு மேல் அதைத் திருப்ப அவருக்கு உத்தரவு வந்ததேயில்லை. மீதித் திருப்பெல்லாம் துருவேறிக் கிடந்தது. குறுக்குப் பிடியின் ஒரு முனையை நெஞ்சில் கொடுத்துத் தள்ளினார். டிரைவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வந்து மறுமுனையில் தோளைக் கொடுத்தான்.

"நான் பிடிக்கல மாமா. சும்மா சாஞ்சுக்கிட்டிருக்கேன். யாராவது கேட்டா அப்படியே சொல்லணும்."

"சாயறதுதான் சாயறே, இன்னும் கொஞ்சம் பலமாச் சாயி."

இரும்பு ஒருமுறை முனகிவிட்டு இளகியது. தரைக்கு அடியில் குழாய் இருமியது, காற்றைத் துப்பியது, பிறகு கனத்த சத்தத்தோடு தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. வெளியே கூட்டம் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, வந்த வழியே ஓடியது. நன்றி சொல்ல யாரும் நிற்கவில்லை. குழாயடியில் இடம் பிடிக்க வேண்டுமே. அவர் மனைவிதான் முதலில் ஓடினாள்.

அன்று பகல் முழுக்க அவர் ஸ்டூலிலேயே உட்கார்ந்து ஜீப்புக்காகக் காத்திருந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டிருந்தார், வருகிறவர்கள் மரியாதையாக நடத்த வேண்டும் என்று. ஜீப் வரவில்லை. பம்புக்காரரிடமிருந்துதான் போன் வந்தது.

"தொட்டியில தண்ணி எறங்குதாமே, தம்பி. திறந்துட்டியா?"

"திறந்துட்டேண்ணே."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

அந்தப் பக்கம் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. "சரி. அப்ப நான் தொடர்ந்து ஓட்டறேன்" என்றார் பம்புக்காரர், ஏதோ புதிதாக முடிவெடுத்தவர்போல.

பிற்பகலில் சாப்பாடு கொண்டுவந்த டிரைவர் ஒரு சேதியும் கொண்டுவந்தான். அவன் முதலாளி வீட்டுக்கு அடுத்த வீட்டு அம்மா, இடுப்பில் குடம் வைத்துப் பழக்கமில்லாதவர், ஒரு பிளாஸ்டிக் வாளியோடு கீழ்த்தெருக் குழாய்க்கு வந்து நிற்கிறாராம். மேல்தெருவில் காலையிலிருந்து ஒரு சொட்டு இல்லை. வேலைக்காரர்கள் யாரும் வரவில்லை.

"ஏதாவது பேசினாங்களா நம்மாளுங்க?"

"முட்டைக்காரம்மா பேசாம இருக்குமா? 'பின்னாடி நில்லுங்கம்மா, நகரும்'னு சொல்லிச்சு. அந்தம்மாவும் நின்னாங்க. முறை வந்ததும் முட்டைக்காரம்மாவே வாளிய நிரப்பிக் குடுத்து, மேடு ஏற ஒரு ஆளையும் கூட அனுப்பிச்சுது."

அவர் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். மூன்றாவதை மூடி, கடைவீதிக்குக் கொஞ்சம் விட்டு, பொழுது சாய்வதற்குள் மேல்தெருவுக்கும் கொஞ்சம் விட்டார். தோட்டத்துக்குப் போதாது, குடிக்கவும் சமைக்கவும் போதும்.

அடுத்து வந்த நாட்களில் ரேடியோவில் புதிய குரல்கள் பேசின. ஒரு குரல் பொறுமையாக இருங்கள் என்றது. இன்னொன்று விழிப்பாக இருங்கள் என்றது. இரண்டும் ஒரே வீட்டில் எப்படி முடியும் என்று முட்டைக்காரம்மா கேட்டாள். டிரைவர் காலையில் போர்வையை எடுத்துக் காரைத் துடைத்துவிட்டு மறுபடி மூடினான். யார் வந்து கேட்டாலும் பளபளப்பாக ஒப்படைக்க வேண்டும் என்பது அவன் எண்ணம். அவர் காலையில் வால்வு அறைக்குப் போய், கொஞ்ச நேரம் போனைப் பார்ப்பார், பிறகு திறப்பார். ஒருநாள் கீழ்த்தெருவில் தொடங்கினால் மறுநாள் கடைவீதி, அதற்கு மறுநாள் மேல்தெரு. தன் தெருவுக்கே முதலில் விடுகிறார் என்று ஒருவரும் வாயெடுக்கக் கூடாது என்று அவரே போட்டுக்கொண்ட முறை. "நாளைக்கு யாருக்கு முதல்ல?" என்று ஜனங்கள் அவரிடம் வந்து கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு அவர் ஜீப்புக்குப் பயந்ததைவிட அதிகம் பயந்தார். ஆனால் கேட்கிறவர்களுக்கு ஏதாவது சொல்லித்தானே ஆகவேண்டும். சொன்னார். சொன்னபடி விட்டார்.

வீட்டில் அவர் கொஞ்சம் இளைத்துத் தெரிந்தார். ராத்திரியில் புரண்டு புரண்டு படுத்தார். "நல்லாத் தூங்கிக்கிட்டிருந்த மனுஷன்" என்று மனைவி அலுத்துக்கொண்டாள். ஆனால் சாப்பாட்டில் கூட ஒரு கரண்டி வைத்தாள்.

கீழ்த்தெருவின் முறை மறுபடியும் வந்த நாளில், சாவியை அவர் கையில் எடுத்துக்கொண்டிருந்தபோது தலைமை அலுவலகத்து இன்ஜினியர் வந்தார். ஜீப் இல்லாமல் நடந்தே வந்திருந்தார். எப்போதும் போனில் மட்டும் கேட்ட குரல். ஆள் இவ்வளவு குள்ளம் என்று அவருக்குத் தெரியாது. குடையை மூலையில் சாய்த்துவிட்டு, கேட்காமலே ஸ்டூலில் உட்கார்ந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"கதவப் பூட்டிக்கிட்டு வீட்டுக்குள்ளயே கெடந்தேங்க" என்றார். "ஆபீஸ் பக்கம் போகல. யார் வருவாங்க, யார் இருப்பாங்க, ஒண்ணும் தெரியல. நீங்க மட்டும் தண்ணி விட்டுக்கிட்டே இருந்திருக்கீங்க. யார் சொல்லித் திறந்தீங்க?"

"யாரும் சொல்லலீங்க."

"பரவால்ல, எங்கிட்டச் சொல்லுங்க. யாராவது சொல்லியிருப்பாங்க. புது ஆளுங்களா? அவங்ககிட்ட எம்பேரையும் ஒரு வார்த்த சொல்லி வைங்க. நானும் உத்தரவுக்குக் கட்டுப்படறவன்தான்."

அவர் இன்ஜினியரின் முகத்தைப் பார்த்தார். மிரட்டுவதற்குக் கேட்கவில்லை என்று தெரிந்தது. பல நாள் சவரம் செய்யாத அந்த முகத்தில், யாராவது ஒருவர் மேலே இருக்கமாட்டார்களா என்ற தவிப்புதான் இருந்தது.

"நிஜமாவே யாரும் இல்லீங்க. தொட்டி வழிஞ்சுது. திறந்தேன்."

இன்ஜினியர் தலையை ஆட்டினார். நம்பினாரா என்று சொல்ல முடியாது. "இன்னைக்குக் காலையில ரேடியோ கேட்டீங்களா? எல்லா ஊழியரும் வழக்கம்போல வேலை பாக்கணுமாம். அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. வழக்கம்போலன்னு ஒருத்தன் சொல்லிட்டான் இல்ல? மேல்தெருவுல நாலு குடும்பம் திரும்பி வந்தாச்சு. நேத்தே என் வீட்டுக்கு வந்து விசாரிச்சுட்டுப் போனாங்க." இன்ஜினியர் எழுந்து நின்றார். "அப்போ வழக்கம்போல மேல்தெருவுக்குத்தானே முதல்ல விடப்போறீங்க?"

அவர் சாவியைத் தூக்கிக்கொண்டு இரண்டு வால்வுகளைத் தாண்டிப் போனார். மூன்றாவதில் மாட்டினார். இப்போதெல்லாம் அது இளகியிருந்தது. நெஞ்சைக் கொடுக்கத் தேவையில்லை, கையே போதும். காலடியில் குழாய் சிலிர்த்துக்கொண்டது. அவர் குனிந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்து, தண்ணீர் எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது என்று பார்த்தார். கீழே தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். குடங்கள் மோதும் சத்தம் கேட்டது.

இன்ஜினியர் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். போனைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மேல்தெருக்காரங்க வந்து கேட்டா நான் என்னங்க சொல்லட்டும்?" என்றார்.

அவர் கம்பியை இன்னொரு சுற்றுத் திருப்பினார்.

இன்ஜினியர் குடையை எடுத்துக்கொண்டு, தாழ்ந்த கதவுக்குத் தலையைக் குனிந்து வெளியே போனார்.